கடலைத் தூர்த்து எழவிருந்த பூங்கா: லாங் பீச்சில் நின்றதும் டோக்கியோவில் எழுந்ததும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ஆரணி பக்கங்களிலிருந்து புறப்படும் சுற்றுலா வேன்களில் கணிசமானவை கிழக்குக் கடற்கரைச் சாலையைத்தான் பிடிக்கின்றன. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது என்பதால், கடலும் தீம் பார்க்கும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரவேண்டிய இரட்டைச் செலவாகவே இங்குள்ள குடும்பங்களின் கணக்கில் இருந்து வருகின்றன. 2025 டிசம்பரில் வொண்டர்லா நிறுவனத்தின் சென்னைப் பூங்கா திறக்கப்பட்டபோது, அது கடலோரத்தில் அல்லாமல் திருப்போரூர் அருகே இள்ளலூரில், உள்நாட்டுப் பக்கமாக அமைந்திருந்ததைக் கண்டு பலர் வியந்திருக்கலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில், கடலைத் தொட்டபடி ஒரு பெரிய பூங்கா ஏன் எழுவதில்லை?

பணம் இல்லாததால் என்பது பாதிப் பதில்கூட ஆகாது. பணமும் புகழும் நிலக் குத்தகையும் நகராட்சியின் ஆதரவும் கையில் இருந்தும், கடலோரப் பூங்கா ஒன்று வரைபடத்தோடு நின்றுபோன வரலாறு அமெரிக்காவில் உண்டு. அதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால், நம் கடற்கரைச் சட்டம் எந்தக் கவலையிலிருந்து பிறந்தது என்பதும், அந்தச் சட்டத்தின் சிந்தனையில் வேலூருக்கே ஒரு பங்கு இருப்பதும் தெரியவரும்.

திட்டம் என்ன?

கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் 1955-இல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, பக்கத்தில் ஹோட்டல் கட்ட வால்ட் டிஸ்னியிடம் பணம் இல்லை. ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் அதைக் கட்டி, டிஸ்னி பெயரிலேயே நடத்தினார். அந்த ஹோட்டலைத் திரும்பப் பெறுவதற்காக டிஸ்னி நிறுவனம் 1988-இல் ராதரின் கம்பெனி முழுவதையும் வாங்கியது. வாங்கிய மூட்டைக்குள் எதிர்பாராத சொத்துகள் இரண்டு இருந்தன. ஒன்று, லாங் பீச் துறைமுகத்தில் சுற்றுலா ஹோட்டலாக நின்றுகொண்டிருந்த 'குவீன் மேரி' பயணிகள் கப்பலின் குத்தகை. 1936-இல் முதல் பயணம் போய், 1967-இல் ஓய்வுபெற்று லாங் பீச் நகராட்சியின் கைக்கு வந்த கப்பல் அது. மற்றொன்று, ஹோவர்ட் ஹியூஸ் கட்டி 1947 நவம்பர் 2 அன்று ஒரே ஒரு முறை மட்டும் பறந்த மாபெரும் மர விமானத்தின் காட்சிக்கூடம்.

இந்த இரண்டையும் மையமாக வைத்து 1990-இல் 'போர்ட் டிஸ்னி' என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. மதிப்பீடு சுமார் 300 கோடி டாலர். ஐந்து ஹோட்டல்கள், உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் துறை, படகுத்துறை, இவற்றுக்கு நடுவே 'டிஸ்னிசீ' என்னும் தீம் பார்க். கண்ணாடிக் குமிழிகளை அடுக்கியதுபோல வரையப்பட்ட 'ஓஷியானா' என்ற பெரும் கடல்வாழ் உயிர்க்காட்சிக்கூடம் அந்தப் பூங்காவின் நெற்றிப்பொட்டு. பாதுகாப்புக் கூண்டுக்குள் இருந்தபடி சுறாக்களுக்கு நடுவே இறங்கிப் பார்க்கும் வசதி, எரிமலைத் தீவு, கடல் ஆய்வாளர்கள் வேலை செய்வதைப் பார்வையாளர்கள் நேரில் காணும் ஆய்வு மையம் என்று பட்டியல் நீண்டது.

இவையெல்லாம் நிற்பதற்கு இடம்? அங்கேதான் சிக்கல். தேவைப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ 250 ஏக்கர் அப்போது நிலமாகவே இல்லை. கடலைத் தூர்த்துத்தான் அதை உண்டாக்க வேண்டியிருந்தது.

எங்கே முட்டியது?

கலிபோர்னியக் கடற்கரைச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது. கடலையோ கழிமுகத்தையோ மண் போட்டு நிரப்பலாமா என்ற கேள்விக்கு அந்தச் சட்டம் பதில் சொல்லும் முறை கவனிக்கத்தக்கது. எதற்கெல்லாம் கூடாது என்று அது அடுக்குவதில்லை. எதற்கெல்லாம் கூடும் என்று ஒரு சிறிய பட்டியலைக் கொடுத்துவிட்டு, பட்டியலில் இல்லாத எதற்கும் இடமில்லை என்று முடித்துவிடுகிறது. இதிலிருந்து பின்வரும் வரிசையில் விளைவுகள் கிளைத்தன.

1. துறைமுகம், எரிசக்தி நிலையம், மீன்பிடி வசதி, படகுப் போக்குவரத்து, சூழல் மீட்பு போன்ற சில பயன்பாடுகள் பட்டியலில் இருந்தன. கடலை ஒட்டி மட்டுமே நடத்தக்கூடிய தொழில் என்பதுதான் இவற்றில் பெரும்பாலானவற்றை இணைக்கும் அளவுகோல்.

2. உல்லாசக் கப்பல் துறைக்காகத் தூர்ப்பதை இந்த அளவுகோலுக்குள் வாதாடி நுழைக்க முடியும். ரோலர் கோஸ்டருக்காகத் தூர்ப்பதை நுழைக்க முடியாது. ரோலர் கோஸ்டர் ஓடுவதற்குக் கடல் தேவையில்லை என்பதற்கு, சில பத்து கிலோமீட்டர் தள்ளி அனஹைமில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்னியின் சொந்தப் பூங்காவே சாட்சியாக நின்றது.

3. ஆகவே நிறுவனம் விதிவிலக்கு கோரி மாநிலச் சட்டமன்றத்தை நாடியது. ஒரு தனியார் பூங்காவுக்காகக் கடற்கரைச் சட்டத்தைத் திருத்தினால் அடுத்து வருபவரை எப்படித் தடுப்பது என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. 1991-இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

4. சட்டத் திருத்தம் இல்லையென்றால் மாநிலக் கடற்கரை ஆணையத்தில் தொடங்கிப் பல அடுக்கு அனுமதிகள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கில் இழுக்கக்கூடியது; முடிவு எப்படி இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

1991 டிசம்பரில் டிஸ்னி லாங் பீச்சைக் கைவிட்டு, அனஹைமிலேயே இரண்டாவது பூங்கா என்று அறிவித்தது. இரண்டு நகரங்களையும் போட்டிக்கு விட்டு அனஹைமிடம் கூடுதல் சலுகை பெறவே லாங் பீச் திட்டம் காட்டப்பட்டது என்று அப்போதே பேசப்பட்டது. அந்தப் பேரம் உண்மையாகவே இருந்தாலும், கடலைத் தூர்க்கும் பிரச்சினை இல்லாதிருந்தால் பேரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. அனஹைமில் அறிவிக்கப்பட்ட அந்தப் பெரிய திட்டமும் அந்த வடிவில் வரவில்லை; 1992-இல் பாரிஸ் அருகே திறந்த பூங்காவின் நட்டம் நிறுவனத்தைச் சிக்கனத்துக்குத் தள்ள, 2001 பிப்ரவரியில் அங்கே வேறொரு சிறிய பூங்காதான் திறக்கப்பட்டது. அப்துல்லாபுரம் விமான நிலையத்துக்கு இதோ விமானம் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய வேலூர்க்காரர்களுக்கு, அறிவிப்புக்கும் திறப்பு விழாவுக்கும் நடுவே உள்ள இந்தத் தூரம் புதிதல்ல.

அதே எண்ணம், வேறு கடல்

லாங் பீச்சுக்காக வரைந்தவை குப்பைக் கூடைக்குப் போகவில்லை. டிஸ்னிசீ என்ற பெயரும், எரிமலைத் தீவும், துறைமுகங்களைச் சுற்றி ஒரு பூங்கா என்ற அடிப்படை எண்ணமும் ஜப்பானுக்குப் போயின. 2001 செப்டம்பர் 4 அன்று டோக்கியோ டிஸ்னிசீ திறக்கப்பட்டது. இன்று அதன் எட்டுத் துறைகளுள் ஒன்றான அமெரிக்கத் துறைமுகத்தில் ஒரு பழைய பாணிப் பயணிகள் கப்பல் நிற்கிறது. லாங் பீச்சில் குவீன் மேரி வகிக்கவிருந்த இடத்தை அது நினைவூட்டுகிறது.

கலிபோர்னியாவில் முடியாதது டோக்கியோ விரிகுடாவில் எப்படி முடிந்தது? ஜப்பானியர்கள் விரைவாக முடிவெடுப்பவர்கள் என்பது போன்ற பதில்களைத் தள்ளிவிடலாம். உண்மையான பதில், அங்கே பூங்காவுக்காகக் கடலைத் தூர்க்க வேண்டியிருக்கவில்லை என்பதே. கடல் முன்பே தூர்க்கப்பட்டுவிட்டது. அந்த 'முன்பே' எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கதையில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி.

பூங்கா இருக்கும் உராயாசு, ஒரு காலத்தில் சிப்பியும் கடற்பாசியும் எடுத்து வாழ்ந்த மீனவ ஊர். 1958-இல் எடோ ஆற்றங்கரையிலிருந்த ஒரு காகித ஆலை கறுப்பான கழிவுநீரை ஆற்றில் விட, அது கடலில் கலந்து மீனும் சிப்பியும் செத்தன. முறையிட்டும் கழிவுநீர் நிற்காததால் அந்த ஆண்டு ஜூனில் மீனவர்கள் ஆலைக்குள் புகுந்தனர். போலீசாருடன் நடந்த மோதலில் நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். ஜப்பானில் நீர் மாசைக் கட்டுப்படுத்தும் முதல் இரண்டு சட்டங்கள் அந்த ஆண்டின் இறுதியில் பிறந்தன. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் இறங்கிய வரலாற்றை அறிந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வாசகர்களுக்கு இந்த நிகழ்வை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் வந்தது, கடலின் வளம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிழைப்பு தளர்ந்த மீனவர்கள் 1962-இல் மீன்பிடி உரிமையின் ஒரு பகுதியையும், 1971-இல் முழு உரிமையையும் இழப்பீடு பெற்று விட்டுக்கொடுத்தனர். 1960-இல் தொடங்கப்பட்ட ஓரியண்டல் லேண்ட் நிறுவனம் வீட்டுமனைகளுக்காகவும் பொழுதுபோக்கு வளாகத்துக்காகவும் அந்தக் கடற்பரப்பைத் தூர்க்கும் பணியை மேற்கொள்ள, 1975 வாக்கில் அது நிலமாகியது. 1983 ஏப்ரல் 15 அன்று அங்கே டோக்கியோ டிஸ்னிலேண்ட் திறந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, பக்கத்து மனையில் டிஸ்னிசீ.

கடலை இழப்பதற்கான விலை டோக்கியோவில் கொடுக்கப்படாமல் இல்லை. பூங்காவின் வரைபடம் மேசைக்கு வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, வேறு ஆட்கள் அதைக் கொடுத்து முடித்திருந்தார்கள். லாங் பீச்சில் அந்த விலையைப் புதிதாக யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்த இடத்தில் திட்டம் நின்றது.

தூர்த்த நிலத்தின் குணம்

தூர்த்த நிலத்தைப் பற்றிச் சட்டத்துக்கு அப்பாலும் இரண்டு தொழில்நுட்பக் கவலைகள் உள்ளன.

முதலாவது, நிலநடுக்கத்தின்போது மண் திரவம்போல் ஆகிவிடுவது. நீரில் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கும்போது, மணல் துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம் கூடி, மண் தன் தாங்குதிறனை இழக்கிறது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் உராயாசு நகரின் தூர்த்த பகுதிகளில் இதுதான் நடந்தது: சாலைகள் குழைந்தன, வீடுகள் சாய்ந்தன, குழாய்கள் மேலே துருத்திக்கொண்டு வந்தன. பூங்காவின் வாகன நிறுத்துமிடமும் பாதிக்கப்பட்டது. ஆனால் கட்டுமானத்துக்கு முன்பே மண்ணுக்குள் மணல் தூண்களை இறக்கி இறுக்கியிருந்ததால், பூங்காவின் உட்பகுதி பெரிய சேதமின்றித் தப்பியது. தூர்ப்பது மட்டும் செலவன்று, தூர்த்ததை இறுக்குவதும் செலவு.

இரண்டாவது கவலை நமக்கு இன்னும் நெருக்கமானது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் அலைகள் மணலை ஓரிடத்தில் விட்டுவைப்பதில்லை; ஆண்டு முழுமைக்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எந்தக் கட்டுமானமும் இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கட்டிய அணைதான். தெற்கே மணல் குவியும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டதால் மெரினா அகலமானதும், வடசென்னையின் ராயபுரம் பக்கம் கரை இழந்ததும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள். புதுச்சேரி நகரின் கடற்கரை மணலைக் காணாமல் போகச் செய்ததும் துறைமுகத்துக்காகப் போட்ட அலைதடுப்புச் சுவரே.

அந்த மணலின் ஒரு பகுதி ஆறுகள் கொண்டுவந்து சேர்ப்பது. வேலூர் வழியாக வரும் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலை அடைகிறது. அதாவது நாம் குளிக்கப் போகும் கடற்கரைக்கு மணல் அனுப்ப வேண்டிய ஆறுகளில் நம்முடையதும் ஒன்று. தடுப்பணைகளுக்கும் மணல் அள்ளுவோருக்கும் பிறகு எவ்வளவு மிஞ்சிப் போகிறது என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

நம் நாட்டின் விதிகள்

கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்கள் வராமல் காக்க வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தி 1981-இல் மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்த எண்ணம் சட்ட வடிவம் பெற்றது 1991 பிப்ரவரி 19 அன்று வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில். கலிபோர்னியாவில் டிஸ்னி பின்வாங்கிய அதே ஆண்டு. பின்னர் 2011-லும் 2019-லும் அறிவிக்கை புதிதாக எழுதப்பட்டது. கடலோரப் பூங்கா ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு பார்த்தால் முக்கியமானவை இவை:

1. உயர் அலைக் கோடு என்பது பெருக்கத்தின்போது கடல்நீர் தரையில் எட்டும் எல்லை. கண்ணால் பார்த்து இதை முடிவுசெய்ய முடியாது. அங்கீகரிக்கப்பட்ட அறிவியல் நிறுவனங்கள் அளந்து வரைய வேண்டும். இங்கிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை ஒழுங்குமுறை மண்டலம்.

2. மண்டலம் நான்கு வகை. சதுப்பு, ஆமை முட்டையிடும் கரை போன்ற நுட்பமான பகுதிகளும் அலை ஏறி இறங்கும் பகுதியும் முதல் வகை. ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதி இரண்டாவது. ஊரகப் பகுதி மூன்றாவது. 12 கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பு நான்காவது.

3. மூன்றாம் வகையில், கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை வளர்ச்சிப் பணிகளுக்கு இடமில்லை. 2019 அறிவிக்கை இதைத் தளர்த்தி, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிகளில் 50 மீட்டராகக் குறைத்தது. மாநிலத்தின் கடற்கரை மேலாண்மைத் திட்டம் அதன்படி ஒப்புதல் பெற்ற பிறகே இது செல்லும். கடற்கரையில் தற்காலிகக் குடில், கழிப்பறை, உடை மாற்றும் அறை போன்றவற்றுக்கும் அது வழிவிட்டது. இராட்சத ராட்டினம் இந்தப் பட்டியலில் சேராது.

4. கடலைத் தூர்ப்பதற்குப் பொதுவான தடை. துறைமுகம், படகுத்துறை, பாலம், அரிப்புத் தடுப்பு போன்றவை விலக்கு. கலிபோர்னியப் பட்டியலோடு ஒப்பிட்டால் அடிப்படைத் தர்க்கம் ஒன்றே: கடலருகே இருந்தே ஆக வேண்டியது எதுவோ அதற்கு மட்டும் வழி.

வேறுபாடு பட்டியலின் உறுதியில் இருக்கிறது. லாங் பீச்சுக்காகப் பட்டியலை நீட்டக் கலிபோர்னியாவில் சட்டமன்றமே தேவைப்பட்டது, அதுவும் நடக்கவில்லை. இங்கே அது மத்திய அமைச்சகத்தின் அறிவிக்கை என்பதால், திருத்துவதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 1991 அறிவிக்கை இருபது முறைக்கு மேல் திருத்தப்பட்டது. மும்பைக் கடலில் சிவாஜி நினைவகம் எழுப்புவதற்காக, நினைவுச் சின்னங்களுக்கும் பின்னாளில் விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. அந்த நினைவகத்துக்கு 2016 டிசம்பரில் பூசை நடந்தது. 2019 ஜனவரியில் பணியை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. பட்டியலை நீட்டுவது எளிது என்பதற்காகக் கட்டுவதும் எளிதாகிவிடவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைத் தொட்டபடி ஏற்கெனவே பொழுதுபோக்கு இடங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். வி.ஜி.பி. தங்கக் கடற்கரை போன்றவை 1991-க்கு முன்பே வந்துவிட்டவை. பின்னால் வருபவருக்கு அந்த முன்னுதாரணம் உதவாது.

வேலூரின் பங்கு

அதே 1991-இல், தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெடுவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு தாக்கல் செய்தது, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பு, இரண்டு கொள்கைகளை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் பொறுப்பு என்பது ஒன்று. முன்னெச்சரிக்கைக் கொள்கை மற்றொன்று. இந்த இரண்டாவது கொள்கைதான் கடலோரத் திட்டங்களோடு நேரடியாகத் தொடர்புடையது. அறிவியல் முடிவாகச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும், தன் செயலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துபவர் மேல்தான் என்றும் அது சொல்கிறது. பாதிக்கப்படுபவர் பாதிப்பை நிரூபிக்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தை இது தலைகீழாக்கியது.

நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. 1996 டிசம்பர் 11 அன்று, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அந்த அமர்வுக்கும் தலைமை குல்தீப் சிங். வேலூர் வழக்கில் சொன்ன அதே இரண்டு கொள்கைகள் அங்கே கடற்கரைக்குப் பொருத்தப்பட்டன. 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி இறால் பண்ணைகளுக்கு வழி செய்தது என்பதும் சொல்லப்பட வேண்டும். ஆனால் கடலோரத்தில் கட்ட நினைப்பவர் மேல் விழுந்த மெய்ப்பிக்கும் சுமை நீங்கவில்லை. பாலாற்றுக் கரையில் கிளம்பிய வழக்கின் தர்க்கம், கடலோரத் திட்டங்களைக் குறித்த வாதங்களில் இன்றைக்கும் எடுத்தாளப்படுகிறது. பாலாறு தூய்மையாகிவிட்டதா என்றால், 2025 ஜனவரி 30 அன்று இதே தோல் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

புதிய அறிவிப்பு வந்தால்

மண்டலத்துக்கு வெளியே போனால் எல்லாம் எளிதாகிவிடும் என்றும் இல்லை. வொண்டர்லாவின் சென்னைத் திட்டம் பல ஆண்டுகள் தாமதப்பட்டதற்குக் காரணம் கடற்கரைச் சட்டமல்ல, உள்ளாட்சிக் கேளிக்கை வரி. பத்தாண்டு விலக்கு கிடைத்த பிறகே கட்டுமானம் வேகம் பெற்றது. ஆனாலும் கடலைக் காட்டும் படத்தோடு ஓர் அறிவிப்பு வந்தால், பார்க்க வேண்டியவை மூன்றே.

1. அந்த இடத்தின் புல எண், மாநிலக் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் எந்த வகையில் விழுகிறது. இந்த வரைபடங்கள் பொதுப் பார்வைக்கு உரியவை.

2. படத்தில் காட்டப்படும் நிலம் இப்போது நிலமாக இருக்கிறதா, மீனவர்கள் வலை காயவைத்துப் படகு ஏற்றும் கரையா.

3. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா. விண்ணப்பமே இல்லையென்றால், அருகே மனை விற்பவர் 'பூங்கா வரப்போகிறது' என்று சொல்லும் விலைக்கு இப்போதைக்கு ஆதாரம் எதுவுமில்லை.